ஆளுக்கு இரண்டு மாத்திரை

மனித குலத்துக்கு இனி வயிற்றுக்கடுப்பே கிடையாது என்று 1959 புரட்டாசியில், போடி மலையில் வைத்து அறிவித்தவன் நான்தான். என் தகுதி: மதுரையில் பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு. ஒரு தவளையை முழுசாக அறுத்த அனுபவம். கையில் ஒரு டப்பா நிறைய, கிருமியைக் கொல்லும் சல்ஃபா மாத்திரை. எங்கள் ஏலத்தோட்டத்து ஆட்களுக்காக அப்பா வாங்கி வைத்தது.

தோட்டத்தில் கஞ்சிப்பானை ஆயம்மாள் பொறுப்பு. காய் எடுக்கும் பெண்கள் தட்டோடு வந்தால், சாம்பலால் கையைத் தேய்க்கச் சொல்லி வெந்நீர் ஊற்றிய பிறகுதான் கஞ்சி. வயிறு போகிறவர்களைப் பானைப் பக்கமே விடமாட்டாள்.

"என்னக்கா, கஞ்சிக்கு முன்னாடி ஞானஸ்நானமா?" என்றேன்.

"ஆமா தம்பி. எங்க வேதத்துல இப்படித்தேன். கைய நீட்டுங்க."

நான் நீட்டவில்லை. "அதெல்லாம் பழைய காலம். வயிறு போனா ரெண்டு மாத்திரை, முடிஞ்சது சோலி."

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவள் புருஷன் கன்னையன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ராப்பகலாக அடுப்பெரிக்கிறவர். "கேட்டியாடி? படிச்ச புள்ள சொல்லுது! தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல, இருந்தாலும் ரெண்டு குடுங்க. முன்கூட்டியே போட்டு வைப்போம்."

கொடுத்தேன். லீவு முடிந்து இறங்கும்போது டப்பாவையே அவரிடம் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு, அதுதான் சட்டம் என்றேன். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அதையும் திருத்திக்கொண்டார்கள். ஒன்று போட்டதும் வயிறு போவது நின்றால், மற்றதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது, குழம்பு கொடுப்பது போல ஒரு மரியாதை. கன்னையன் மட்டும் வெற்றிலைக்குப் பதிலாகத் தினம் ஒன்று போட்டார்.

மார்கழி லீவில் ஏறினேன். லயத்தில் வெள்ளைத்துரை வீட்டுக் காதுகுத்து விருந்தில் சாப்பிட்ட பதினோரு பேருக்கு ரத்தக்கடுப்பு. அங்கே பானைக்கு ஆயம்மாள் காவல் இல்லை. பத்துப் பேர் கஞ்சித்தண்ணி குடித்தே தேறினார்கள். கன்னையன் நான்கு மாத்திரை போட்டார், பிறகு எட்டு. ரத்தம் நிற்கவில்லை. ஜீப்பில் போட்டுப் போடிக்கு இறக்கினோம்.

டாக்டர் டப்பாவைப் பார்த்தார். தினம் ஒன்று போட்ட கதையை ஆயம்மாள் சொன்னாள். "நல்லா இருக்கிற மனுஷனுக்குத் தினம் ஒண்ணுன்னு யார் சொன்னது?"

"தோட்டத்துல சொல்லியிருக்காங்க சார்" என்றேன். அந்த 'காங்க' நான்தான். ஆயம்மாள் என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் அரைகுறையா மாத்திரை போட்டுக் கிருமியை மருந்துக்குப் பழக்கி வச்சிருக்கீங்க. ஜப்பான்ல இன்னொரு சந்தேகமும் சொல்றாங்க. வயித்துல சும்மா கெடக்கிற சாதுக் கிருமி முதல்ல மருந்தைத் தாங்கப் பழகுது. அப்புறம் சோத்தோட உள்ள வர்ற கொல்ற கிருமியைத் தொட்டு, அந்த வித்தையை அதுக்குக் கைமாத்திடுது. வேற இனமா இருந்தாலும் சரியாம்."

பரீட்சை ஹாலில் துண்டுக் காகிதம் கைமாறுவதைப் பற்றி எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் நானே கிண்டலாக எழுதியிருக்கிறேன். அன்று ஒரு வரிகூடத் தோன்றவில்லை. கன்னையனின் வயிற்றில் மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் நடத்தியவன் நான்.

"மதுரையிலருந்து வேற மருந்து வருது" என்றார் டாக்டர். மறுநாள் மத்தியானம் பஸ்சில் வந்தது. கன்னையன் காலையிலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்து ராசிங்காபுரத்துக்கு, தன் அண்ணன் வீட்டோடு இருந்துவிடக் கிளம்பும்போது, ஆயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். லயத்தில் வீடு வீடாகப் போய் வாங்கிய மாத்திரைகள். பாதியும் முழுசுமாகப் பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"மிச்சம் தம்பி. வேற யாருக்கும் குடுத்துறாதீக."

"அக்கா, அன்னைக்கு டாக்டர்கிட்ட நான்..."

"பஸ்சு வந்துருச்சு. வர்றேன்."

அடுத்த நாள் தோட்டத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் தட்டோடு நின்றார்கள். பானைக்குப் பக்கத்தில் யாருமில்லை. ஸ்டோர் அடுப்பில் போய்ச் சாம்பல் அள்ளி வந்தேன். வெந்நீர்க் குடத்தை இழுத்து வைத்தேன்.

வரிசையில் முதலில் நின்றவள் வீரலட்சுமி. "என்ன சின்ன மொதலாளி, ஞானஸ்நானமா?" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

"நீ ஊத்து" என்று செம்பை அவளிடம் கொடுத்து, முதலில் என் கையைச் சாம்பலால் தேய்த்து நீட்டினேன்.