ஜோ லூயிஸுக்கு எதிரே கிளியான்

டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில் நான் மீன் வறுத்து விற்ற காலத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில் என் கடையில் நடக்காத குத்துச்சண்டை கிடையாது. எல்லாம் நடக்கவே முடியாத சண்டைகள். சாப்பிட வருகிறவர்கள் வாய்ப்பேச்சிலேயே பழைய சாம்பியன் ஜாக் ஜான்சனையும் ஜார்ஜ் ஃபோர்மனையும் ஒரே மேடையில் ஏற்றுவார்கள். லிஸ்டனை மார்சியானோவோடு மோதவிடுவார்கள். நடுவில் எத்தனை வருஷம் கிடந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

அந்தக் கூட்டத்தில் பெரிய வாய் ஹோரஸுக்கு. கார் தொழிற்சாலையில் கதவு பொருத்தி ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் கையுறை மாட்டியதில்லை. ஆனால் எங்கள் ஊரில் வளர்ந்த பழைய உலகச் சாம்பியன் ஜோ லூயிஸ் பேச்சில்கூட யாரிடமாவது தோற்றால் ஹோரஸால் தாங்க முடியாது.

"அலியோட கால் வேகத்துக்கு உன் ஜோ கிட்டகூட வர முடியாது" என்பான் ஒருவன்.

"ஓடட்டுமே. மேடைக்கு நாலு மூலைதானே? அதைத் தாண்டி எங்க ஓடுவான், உன் மாமியார் வீட்டுக்கா?"

"அப்ப அம்பத்தொண்ணுல மார்சியானோ நிஜமாவே உன் ஜோவைக் கயித்துக்கு வெளியே தள்ளினானே, அது?"

"அது ஜோ இல்லடா, ஜோவோட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்த கிழவன். ஆர்விஸ், நீ என்ன வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற? எண்ணெய் கருகுது பாரு!"

ஆர்விஸ் நான்தான்.

ஹோரஸுக்குப் பக்கத்தில் கிளியான் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஹோரஸின் தங்கை வெர்டெலின் கணவர். அங்கே கூடியவர்களில் நிஜமாகவே மேடையேறியவர் அவர் ஒருவர்தான். ஐம்பதுகளில் ஹெவிவெயிட்டாகப் பல ஊர்களில் சண்டை போட்டவர். பட்டத்துக்கான சண்டை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. ஜோவா, அலியா என்று கேட்டால், "ரெண்டு பேரு அடிச்சாலும் வலிக்கும்" என்பார்.

பிறகு அவருக்கு ஞாபகம் குறைய ஆரம்பித்தது. முதலில் கடைக்கு வரும் வழி மறந்தது. அப்புறம் மீனுக்கு ஊற்றும் காரச் சாற்றைக் காப்பியில் ஊற்றினார். அந்தக் காலத்தில் தலையில் வாங்கிய அடிகள்தான் காரணம், இனிச் சரியாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, சத்தமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோது கிளியான் சட்டென்று கேட்டார்: "எல்லாரையும் மேடையேத்துறீங்க. என்னை மட்டும் யாரோடவும் போடவே இல்லையே, மச்சான்?"

ஹோரஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"யாரோட போடணும், சொல்லு."

"ஜோவோட. கிழவனோட வேண்டாம். நல்லா இருந்த ஜோவோட."

"சரி, போட்டாச்சு."

"எப்ப?"

"பனி உருகட்டும். அப்புறம் வச்சுக்கலாம்."

நாங்கள் சிரித்தோம். கிளியான் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும்போது வெர்டெல் எழுந்து பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடந்தது. வீட்டுச் செருப்போடும் கம்பளிக் கோட்டோடும் கிளியான் பனியில் ஓடிக்கொண்டிருந்தார். சண்டைக்குத் தயாராகிறாராம். நாலைந்து நாள் இப்படியே போனபின், வெர்டெல் என் கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வாய்க்கு என் புருஷன்தான் கெடச்சாரா? ஜோ செத்துப் போயிட்டாருன்னு சொன்னேன். கூடப் பொறந்தவன் செத்த மாதிரி உக்காந்து அழுதாரு. மறுநாள் அது மறந்துபோச்சு, சண்டை மட்டும் மறக்கல. திரும்பவும் சொல்லி அழவைக்க என்னால முடியாது அண்ணே. நீ போட்ட சண்டையை நீயே நிறுத்து."

ஹோரஸ் போனார். துணைக்கு நானும் போனேன். கிளியான் கட்டிலில் உட்கார்ந்து, கையுறைக்கு அடியில் கட்டும் துணியைக் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், சண்டை ரத்து. ஜோ வரமாட்டேன்னுட்டான்."

"ஏன்?"

"பயந்துட்டான்" என்றார் ஹோரஸ். "உன்னை நெனச்சு."

கிளியான் கைத்துணியை இழுத்து இறுக்கினார். "ஜோ யாருக்கும் பயந்தவன் இல்ல. வேற எவனாவது சொல்லியிருந்தா பல்லைக் கழட்டியிருப்பேன். நீயே இப்படிப் பேசலாமா மச்சான்?"

அதற்குப் பிறகு ஹோரஸுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மறுநாள் காலையில் முழங்கால் வலியோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். கிளியானுக்கு நல்ல பூட்ஸும் தொப்பியும் மாட்டிவிட்டு, இரண்டு பேருமாகத் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. தபால்காரர் வண்டியை நிறுத்தி, "எப்ப சண்டை, சாம்பியன்?" என்று கத்துவார். கிளியான் கையை உயர்த்திக் காட்டுவார். திரும்பி வந்ததும் வெர்டெல் இரண்டு பேருக்கும் சோளக் கஞ்சி வைப்பாள். அவள் கோபம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது.

சில நாள் கிளியானுக்குப் பக்கத்தில் வருவது யாரென்று தெரியாது. பயிற்சியாளர் என்று நினைத்துக்கொள்வார்.

"ஹோரஸ்னு எனக்கு ஒரு மச்சான் இருக்கான்" என்றாராம் ஒருநாள் ஹோரஸிடமே. "பேச்சு ஜாஸ்தி, ஆனா நல்லவன். அவனுக்கு முன் வரிசையில ஒரு சீட்டு வச்சிருங்க."

"வச்சாச்சு" என்றாராம் ஹோரஸ்.

பிப்ரவரியில் கிளியானுக்கு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெர்டெல் ஒரு பக்கம், ஹோரஸ் ஒரு பக்கம்.

கண் திறந்தவர், "சண்டை எப்ப?" என்றார்.

"முடிஞ்சுபோச்சு மச்சான்."

"என்ன ஆச்சு?"

நீதான் ஜெயிச்சே என்று ஹோரஸ் சொல்வார் என்றே வெர்டெலும் நானும் நினைத்தோம்.

"பதினஞ்சு ரவுண்டும் நின்ன. பாயிண்ட்ல ஜோ ஜெயிச்சான்."

"அண்ணே!" என்றாள் வெர்டெல்.

கிளியான் கேட்டார்: "கொஞ்ச வித்தியாசத்துலயா?"

"ரொம்பக் கொஞ்சம். நீதான் ஜெயிச்சேன்னு பாதி ஜனம் நாற்காலி மேல ஏறிக் கத்துச்சு."

உலர்ந்த உதடுகளில் சிரிப்பு வந்தது. "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார்.

அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு ஹோரஸ் கடைக்கு வரவில்லை. புதுப் பையன்கள் டைசனையும் அலியையும் மேடையேற்றி மேஜையைத் தட்டினார்கள். "ஹோரஸ் எங்க? அவரு இல்லாம ஜோவுக்குப் பேச ஆளே இல்ல" என்றான் ஒருவன்.

கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, வெர்டெலின் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் அண்ணனும் தங்கையும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஹோரஸ் தோலோடு பாதிக் கிழங்கையும் சீவிக்கொண்டிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் ஒரு கத்தியை எடுத்தேன்.