தங்க வைத்தவரின் கடிதம்

பிரிஜெட் பெங்களூர் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு வருவது இது நான்காவது தடவை. முதல் தடவை வந்தபோது இஸ்திரி போட்ட சுடிதார், கைப்பை, தலைவாரல் என்று கல்யாணத்துக்குப் போவதுபோல் வந்தாள். இன்று காலில் மாட்டியிருப்பது தன் செருப்பா அக்காவின் செருப்பா என்பதையே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். அக்காவின் செருப்புதான். டோக்கன் நாற்பத்தொன்று. திரையில் பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் எட்டு வயது லவினா மடிமேல் கன்னட நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள், கொரியக் கம்பெனிக்காரர்கள், எல்லோரையும் பார்த்துச் சிரித்தே களைத்துப்போன ஒரு பிரெஞ்சுக் கிழவர். இவர்களுக்கு நடுவில், நீலசந்திரா சந்தில் வளர்ந்து, ரேஷன் கடைக்காரரை மாமா என்று கூப்பிடும் லவினாவும் ஒரு வெளிநாட்டுக்காரி. பிரிஜெட்டின் மடியிலிருந்த கோப்பின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. போதாததற்கு, விசா முடிந்தும் ஊரைவிட்டுப் போகாத வெளிநாட்டுக்காரி.

நடந்தது இதுதான். பிரிஜெட்டும் கணவன் டிரேவரும் டல்லஸில் வேலையாக இருந்தபோது லவினா பிறந்தாள். அந்த மண்ணில் பிறந்ததால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட். இரண்டு வயதில் பிரிஜெட் அவளைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்தாள். அம்மா சாகக் கிடந்தார். பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. அம்மா போய்ச் சேர்ந்தார், பின்னாலேயே கொரோனா வந்தது, விமானம் நின்றது, பிரிஜெட்டின் விசா செத்தது, டிரேவர் கம்பெனி மாறினான். அவன் அங்கே, இவர்கள் இங்கே என்று ஏழு வருஷம் போய்விட்டது. இப்போதுதான் குடும்பத்தோடு குடியேற அனுமதி கிடைத்து, பிரிஜெட்டின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கொடுத்தார்கள். அதன் ஆயுள் மார்ச் இருபத்தெட்டு வரைக்கும்தான். அதற்குள் அங்கே போய் இறங்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இருபத்தாறாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

லவினாவுக்கு என்ன கவலை, அவளுக்குத்தான் இரண்டு நாடு உண்டே என்று குடும்பமே நினைத்திருந்தது. அக்கா ஐரின் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட விஷயம் அது. பழைய பாஸ்போர்ட் காலாவதியாகி, சென்னைக்கு இரண்டு தடவை அலைந்து புதுசு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று பிரிஜெட் மூச்சு விட்டாள். டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ் கோவிந்தன்தான் புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்திய விசா எங்கே மேடம் என்று கேட்டான். இரும்பு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த பழைய பாஸ்போர்ட்டில் அந்த விசா இருந்தது. ஐந்து வருஷ விசா. முடிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. வந்த மாதமே லவினாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பங்குக் கோயில் அலுவலகத்தில் ஐரின்தான் கிளார்க். பதிவேட்டில் அவளே எழுதி, சர்ட்டிபிகேட்டும் அவளே எடுத்துக் கொடுத்தாள். பக்கத்திலிருந்த சாமியார் ஸ்கூலில் அந்த ஒரு தாளை வைத்தே இடம் கிடைத்தது. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. சொந்த வீட்டில், சொந்தப் பெரியம்மாவின் மடியில் தூங்கும் பிள்ளைக்கு விசா முடிகிறதா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்?

இரண்டு நாடு என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று முதல் நாளே அதிகாரி அம்மாள் விளக்கிவிட்டார். வெளிநாட்டில் குடியுரிமை உள்ள நம்மவர்களுக்குத் தரும் அட்டையை வாங்கியிருந்தால்கூட அது குடியுரிமை ஆகாது. இவர்களிடம் அதுவும் இல்லை. ஆகவே அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்கித்தான் குழந்தை விமானம் ஏற முடியும். அந்த அம்மாள் கெட்டவரில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, குழந்தைக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்.

இன்று டோக்கன் வந்தபோது மதியம் ஒரு மணி. அபராத ரசீது, போட்டோ, டிரேவரின் சம்மதக் கடிதம் எல்லாம் சரி. ஒன்றுதான் பாக்கி. இத்தனை வருஷம் இந்த வெளிநாட்டுக் குழந்தையைத் தங்க வைத்தது நான்தான் என்று அந்த வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும், அலுவலகப் படிவத்தையும் நிரப்பவேண்டும். நாளை புதன்கிழமைக்குள் வந்தால் உடனே மேலே அனுப்புவேன், வியாழன் உகாதி, சனி ரம்ஜான், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார் அதிகாரி. இவ்வளவுதானா என்று பிரிஜெட்டுக்குச் சிரிப்பே வந்தது. வீடு அக்காவுடையது. சாயங்காலம் அக்கா வீட்டில்தான் இருப்பாள்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு வந்த பணத்தில் ஐரின் பேரில் வாங்கிய வீடு அது. ஒரு ஹால், ஒரு அறை, மாடிப்படிக்கு அடியில் சமையல். ஐரின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் வயதில் பிரிஜெட் அமெரிக்காவில் இருந்தாள், கேட்கலாம் என்று வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் ஐரின் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தவக்காலம் முழுக்க அந்த வீட்டில் கறி கிடையாது. கோவிந்தன் டைப் அடித்துக் கொடுத்த கடிதத்தையும் அலுவலகப் படிவத்தையும் பிரிஜெட் நீட்டி, கீழே ஒரு கையெழுத்து போடு என்றாள். முப்பது வருஷம் சர்ட்டிபிகேட் எழுதிய கை சும்மா கையெழுத்துப் போடுமா? கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, முதல் வரியிலிருந்து படித்தாள். வெளிநாட்டுக் குடிமகளான லவினா என்பவர் என் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தார் என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறேன். படித்து முடித்துக் கடிதத்தை மட்டும் மடித்துத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாக்கா?"

"லாட்ஜுக்காரன் எழுதுற லெட்டர் இது. நான் எழுத மாட்டேன்."

அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்று பிரிஜெட் சொல்லிப் பார்த்தாள். நாளைக்குள் தராவிட்டால் டிக்கெட், விசா, ஏழு வருஷக் காத்திருப்பு எல்லாம் போச்சு என்றாள். ஐரின் ஒரு காயைக்கூட வேகம் குறைக்காமல் நறுக்கினாள். இந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை வைத்து விசிறினது விருந்தினருக்கா என்று கேட்டாள். மே மாதம் கோயிலில் நற்கருணை வாங்கும் முதல் நன்மைச் சடங்குக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்து அளவும் பார்த்தாயிற்று, அது விருந்தினருக்கா என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "முப்பது வருஷமா ஒரு பேப்பர்லயும் பொய் எழுதினதில்ல பிரிஜி. இது பொய்."

பிரிஜெட்டுக்குத் தலை வலித்தது. காலையிலிருந்து இரண்டு பிஸ்கட்தான் சாப்பிட்டிருந்தாள். களைப்பு அதிகமானால் மனுஷருக்கு நாக்கு நிற்காது. அவளுக்கும் நிற்கவில்லை.

"நீ பெத்தவ இல்லக்கா," என்றாள்.

ஐரின் மறுபடி குனிந்தாள். மிச்சமிருந்த பீன்ஸை நறுக்கி, தாளித்து, லவினாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு இன்னும் என்ன ஊட்டல் என்று பிரிஜெட் வழக்கமாகக் கேட்பாள். அன்று கேட்கவில்லை.

வெளியே வந்து கோவிந்தனுக்குப் போன் செய்தாள். அவன் இதையெல்லாம் பார்த்துப் பழகியவன். சந்தாபுராவில் தெரிந்த பி.ஜி. விடுதி ஓனர் ஒருத்தர் இருக்கிறார், குழந்தை அங்கேதான் இருந்தது என்று எழுதிக் கொடுப்பார், நீங்கள் கவலையை விடுங்கள் என்றான். காலை எட்டு மணிக்கெல்லாம் கடிதம் கையில் வந்துவிட்டது. முத்திரையோடு, கையெழுத்தோடு, சுத்தமான பொய்.

புதன்கிழமை டோக்கன் இருபத்தாறு. அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிரிஜெட் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் விடாமல் அலைந்ததன் முடிவு இந்தத் தாள்தானா என்று நினைத்தபோது, சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. தூக்கம்தான் வந்தது. இந்தத் தாளின்படி லவினா நீலசந்திராவில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஐரின் என்று ஒருத்தியே கிடையாது. அரசாங்கத்தின் கோப்பில் அப்படியே ஏறிவிடும், யாரும் போய் அழிக்கப்போவதில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தாள். அது வேறு இன்னும் அவமானமாக இருந்தது.

இருபத்துநான்காம் எண் போகும்போது லவினா திடீரென்று நோட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். வாசலில் ஐரின் நின்றிருந்தாள். கோயிலுக்குப் போகும்போது கட்டும் சாம்பல் நிறப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை. காலில் பிரிஜெட்டின் செருப்பு. நேற்று மாற்றிப் போனது அப்படியே கிடந்திருக்கிறது. தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில் ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன் என்றாள்.

எண் வந்தது. பிரிஜெட் கைப்பையைத் திறக்குமுன் ஐரின் தன் உறையை மேசைமேல் வைத்தாள். கோயில் பதிவேட்டில் எழுதும் அதே உருட்டிய கையெழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். அதிகாரி அம்மாள் பொதுவாக இந்தக் கடிதங்களைக் கண்ணால் ஒரு தடவை தடவிவிட்டு ஓரமாக வைப்பவர். இதை நிதானமாகப் படித்தார்.

மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகத் தெரிந்த வரிகளை பிரிஜெட்டும் படித்தாள். விருந்தினர் என்ற சொல்லே இல்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜூன் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை விடிகாலை குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று இரவுகளும், பாஸ்போர்ட்டுக்குச் சென்னை போன நான்கு இரவுகளும் தவிர மற்ற எல்லா இரவும் என்னோடுதான் தூங்கினாள். ஆஸ்பத்திரியிலும் நான்தான் இருந்தேன். இவள் அமெரிக்கக் குடிமகள் என்பதை அறிவேன். வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்பதையும் சட்டப்படி ஐரின் விடாமல் எழுதியிருந்தாள்: குழந்தையின் தாய் எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு வேலை, அங்கே பி.ஜி.யில் தங்கியிருந்து, சனி ஞாயிறு வந்து போவார்.

குத்திக்காட்ட எழுதியதில்லை அது. அக்காவுக்குக் குத்தத் தெரியாது. இருந்ததை இருந்தபடி எழுதியிருந்தாள், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு விருந்தினராக வந்து போனது யார் என்று பிரிஜெட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. கைப்பையை மூடினாள்.

அதிகாரி கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, படிவத்தை எடுத்தார். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருந்தது. வீட்டு எண், குழந்தையோடு உறவு, வந்த தேதி. ஒரு கட்டம் மட்டும் காலி. எந்தத் தேதிவரை தங்குவார் என்ற கட்டம். அதில் விரலை வைத்து, இதை விட்டுவிட்டீர்களே என்று கன்னடத்தில் கேட்டுப் பேனாவை ஐரின் பக்கம் நீட்டினார்.

ஐரின் வாங்கவில்லை. அதை அவளுடைய தாய் எழுதுவாள் என்று கன்னடத்திலேயே சொன்னாள்.

பேனா பிரிஜெட்டின் கைக்கு வந்தது. லவினா பெரியம்மாவின் மடியில் சாய்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றியும் அவிழ்த்தும் விளையாடிக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து வாய் ஓயாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த தேதிதான். எழுதுவதற்குக் கை வரவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருபத்தேழாம் எண்காரர் எழுந்து நின்றுவிட்டார். இருபத்தாறு, மார்ச் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள்.

ஐரின் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"வருஷமும் போடு," என்றாள்.