தாயாதி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, திருவண்ணாமலை என்றே பெயருள்ள சின்னக் குன்றின்மேல் இருக்கும் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்ததும், வரன் பேச வந்திருந்த இரு வீட்டுப் பெரியவர்களும் மண்டப நிழலில் உட்கார்ந்துகொண்டு நாராயணியையும் வரதராஜையும் தனியாகப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். நாராயணியின் அம்மா கண்ணாலேயே ஒருமுறை எச்சரித்தாள். அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் என்று ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

நாராயணி ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அவள் பரிணாமப் பாடம் நடத்தும் அழகைப் பிள்ளைகள் வீடியோ எடுத்துப் போட, மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்ததில், கூடிவந்த மதுரை வரன் தட்டிப்போனது. மார்கழி முழுக்க விடியலில் ஆண்டாள் சன்னிதியில் நிற்கிற பெண், மனுஷனைப் பெருமாள் படைக்கவில்லை என்று சொல்லலாமா என்று கேட்டார்களாம். அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

வரதராஜ் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். மதிலோரம் போய் நின்றதும் அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். குரங்குக்கும் நமக்கும் ஒரே மூதாதைன்னு பாடம் எடுக்கறேன். பரீட்சைக்காக இல்லை, நம்பித்தான். கல்யாணத்துக்கு அப்பறமும் அப்படித்தான்."

அவன் யோசித்தான். "அப்போ, பெருமாளைச் சேவிக்கறச்சே மனசு ஒட்டறதா?"

கேலி இல்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இதுவரை யாரும் அவளை அதைக் கேட்டதில்லை.

"முன்னைவிட ஜாஸ்தியா ஒட்டறது. இத்தனை உசிரும் ஒண்ணுக்கொண்ணு உறவுன்னு தெரிஞ்சப்பறம் கை தானா கூப்பிக்கறது. ரெண்டையும் எப்படிச் சேக்கறதுன்னு மட்டும் தெரியல."

"எனக்கும் தெரியாது," என்றான். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஏம்மா, அப்போ குரங்கு எனக்குக் கொள்ளுத்தாத்தாவா?"

அவன் அம்மா பத்மாசனி, பிரசாதத் தட்டோடு பின்னால் எப்போது வந்து நின்றாளோ. நாராயணி மண்டபத்தில் இருந்த தன் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும், "தாத்தா இல்லை மாமி, தாயாதி," என்றாள்.

பத்மாசனி வாயெடுப்பதற்குள் மதில்மேலிருந்து ஒரு குரங்கு குதித்து, தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு திரும்ப ஏறிவிட்டது.

"தாயாதியேதான்," என்றாள் பத்மாசனி. "கேக்காமயே பங்கை எடுத்துண்டு போறதே."

முதலில் அவள்தான் சிரித்தாள். சிரிப்பில் தட்டு ஆடித் துளசி சிந்தியது. பொறுக்கக் குனிந்த வரதராஜும் நாராயணியும் தலை முட்டிக்கொண்டு, நிமிரவும் முடியாமல் சிரித்தார்கள். மண்டபத்தில் அம்மா என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றாள்.

மேலே அந்தக் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, பழத்தோலை நிதானமாக உரித்தது. பத்மாசனி கண்ணைச் சுருக்கி அதன் விரல்களையே பார்த்தாள். பிறகு தட்டை நாராயணியிடம் கொடுத்துவிட்டு, தன் கையை வெயிலில் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.