தாய்லாந்துக் கோயிலில் சத்தம் போடக் கூடாது

பேத்துப்பாறைக்கு மேலே, மலை சட்டென்று அறுந்து விழுகிற இடத்தில், ரிசார்ட்காரர்கள் சிமெண்டில் ஒரு தாய்லாந்துக் கோயில் எழுப்பியிருந்தார்கள். கூரை நுனியெல்லாம் கொம்பு முளைத்த மாதிரி வளைந்திருக்கும். தங்கப் பெயிண்ட் அடித்த புத்தரின் மூக்கில் இரண்டாவது மழைக்கே பாசி பிடித்துவிட்டது. விளிம்பில் கம்பிவேலி, அதில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. பள்ளத்தாக்கையும் மேகத்தையும் மூச்சுக்காட்டாமல் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தாய்லாந்தில் ஒருத்தரும் வாயே திறப்பதில்லை என்று முதலாளிக்கு யார் சொன்னார்களோ!

பரமேஸ்வரி அங்கே வரவேற்பாளர். மலைவாழ் பளியர் குடிப் பெண், பி.காம். முடித்தவள்; அவள் வீட்டில் முதல் பட்டம். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதை, மினுமினுக்கிற பட்டுத்துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பி, தாய்லாந்து வணக்கமாக "சவாதீ கா" சொல்வது.

"மேடம், நீங்க பேங்காக்கா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார்.

"இல்ல சார், பேத்துப்பாறை. ரெண்டு வளைவு தள்ளி."

போலி நகை வாங்கி ஏமாந்தவர் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

அன்று வெள்ளனே பெங்களூர்க்காரர்கள் பதினோரு பேர் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நேர் கீழே, எண்பதடி ஆழத்தில், காட்டுக்கொடியில் முறுக்கிய கயிற்றில் தொங்கியபடி பாறைத்தேன் அறுத்துக்கொண்டிருந்தார் பரமேஸ்வரியின் அப்பா வெள்ளையன். கோயிலுக்குப் பக்கத்து மரத்தில் கயிற்றைச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்திருந்தவர் அம்மாவின் தம்பி வெங்கடேஷ். அதுதான் அவர்கள் முறை. கயிறு மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளை விதவையாக்க எவனும் துணியமாட்டான். கீழே தொங்குகிறவருக்கு மேலே நடப்பது தெரியாது என்பதால், மேலே இருப்பவன் விடாமல் குரல் கொடுக்க வேண்டும். குரல் நின்றால் பிடித்திருப்பவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, கயிற்றை நம்பாதே என்று அர்த்தம். தொங்குகிறவர் கயிற்றை விட்டுப் பாறைக்குத் தாவுவார். கைக்குப் பாறை அகப்படுமா என்பது அவர் விதி.

"ஓ மச்சான்! இருக்கேன்... இருக்கேன்..."

மேனேஜர் சிவமுருகன் முகம் சுளித்தார். பழனியில் ஒலிபெருக்கிக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். மலையேறியதும் காது மென்மையாகிவிட்டது.

"அந்தாள நிறுத்தச் சொல்லும்மா. கெஸ்ட்டெல்லாம் தியானத்துல இருக்காங்க."

"நிறுத்தக் கூடாதுங்க சார். எங்கப்பா கீழ தொங்குறாரு."

"தொங்கட்டும். சத்தமில்லாமத் தொங்கச் சொல்லு. நீ இன்னும் பெர்மனென்ட் ஆகல, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் அசையவில்லை. அவரே விறுவிறுவென்று போய் வெங்கடேஷின் வாயைப் பொத்தினார். இரண்டு கையும் கயிற்றில் இருக்கிற ஆள் என்ன செய்ய முடியும்? தலையை உதறினார். குரல் நின்றது.

விறைத்து நின்ற கயிறு மெல்லத் தளர்ந்தது. அப்பா பாறைக்கு மாறப் பார்க்கிறார்!

பரமேஸ்வரி வேலிக்கு ஓடி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அப்போவ்! விட்றாத! மாமா இங்கதான் இருக்கு! ஒரு கூறுகெட்டவன் வந்து மாமா வாயப் பொத்துறான், வேற ஒண்ணுமில்ல! கயித்தப் புடி!"

பதினோரு ஜோடிக் கண்ணும் திறந்தன. சிவமுருகன் கை தானாக இறங்கியது. அவள் நிறுத்தவில்லை, மாமனும் சேர்ந்துகொண்டார். கயிறு மறுபடி விறைத்தது.

முட்டியில் ரத்தம் வழிய, தேன்கூடையோடு மேலே ஏறி வந்த வெள்ளையன் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஆத்தா, எவன் அந்தக் கூறுகெட்டவன்?"

அதற்குள் கைதட்டல் கிளம்பிவிட்டது. "வாவ், டிரைபல் சாண்டிங்! நாளைக்கும் இருக்குமா?" என்றாள் ஒருத்தி, போனை ஏந்தியபடி. ஒரு மனிதன் சாகாமல் தப்பியதை முழுசாகப் படம்பிடித்திருந்தாள். அது என்னவென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"டெய்லி உண்டு மேடம்!" என்றார் சிவமுருகன் கூசாமல். பிறகு பரமேஸ்வரியிடம் குரலைத் தாழ்த்தி, "இதையே தினமும் பண்ணு. பெர்மனென்ட் பண்ணிரலாம்" என்றார்.

"பண்றேன் சார். ஆனா நாளைக்குக் கயித்துல நீங்க எறங்குங்க. உங்க மச்சினன் யாரையாச்சும் புடிக்கச் சொல்லுங்க."

சிவமுருகன் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. வெங்கடேஷ் கயிற்றைச் சுருட்டினார்; பரமேஸ்வரி தேன்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பாய்களுக்கு நடுவிலேயே நடந்து, அப்பாவோடு சத்தமாகப் பேசிக்கொண்டே கீழே இறங்கினாள்.