மேட்டுக்கு ஏற்ற டயர்

பழைய டயர் ரிம்மை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பஞ்சர்க்காரன் விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினான். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு லிவர்களைச் செருகி, ஒன்றை முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை நெம்பினான். மூன்றாவது நெம்புக்கு டயர் வாயைத் திறந்தது. எட்டு வருஷம் பழத்தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கிய டயர் அது. நாலு விரல் தடிமனுக்குச் சாய்வாக எழும்பி நின்ற பட்டன்கள் தேய்ந்து, செருப்பின் அடிப்பாகம் போல ஆகியிருந்தன.

தோட்டத்து மேலாளரின் ஜீப்பில் புது டயர்கள் இரண்டு வந்திருந்தன. அவற்றை இறக்கும்போதே பஞ்சர்க்காரனுக்கு நெருடியது. விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். தொட்டுப் பார்த்தால் ரப்பர் மிதியடி போல மழமழவென்று இருந்தது.

"சார், இது புல்தரையில ஓடற டயரு" என்றான்.

"தெரிஞ்சுதான் வாங்கியிருக்கு" என்றார் மேலாளர். "போன மாசம் பங்களா முன்னாடி புல்லு வெட்டப் போய், இந்தப் பட்டன் டயரு மொத்தத்தையும் உழுது போட்டுடுச்சு. முதலாளி விருந்தாளிங்க முன்னாடி வச்சு என்னைத்தான் கிழிச்சாரு."

டிராக்டரின் பக்கத்தில் நின்றிருந்த டிரைவர், பஞ்சர்க்காரனின் தங்கையைக் கட்டியவன். தோட்டத்தில் இருந்தது அந்த ஒரே சின்ன டிராக்டர். மரங்களுக்கு நடுவே நுழைய அந்த அளவுதான் சரி. மருந்து டாங்கியை இழுப்பதும் அதுதான், பழக்கூடை ஏற்றிய டிரெய்லரை இழுப்பதும் அதுதான், பங்களா புல்லை வெட்டுவதும் அதுதான்.

"புல்லு வெட்டறது வாரத்துக்கு ஒரு மணி நேரம் சார். மிச்ச நாளெல்லாம் மேட்டுலதான் கெடக்கறேன்" என்றான் டிரைவர்.

"மெதுவா ஓட்டு."

"வேகத்துல ஒண்ணுமில்ல சார்." அவன் உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். "நேரா மேல ஏறும்போது எப்படியாவது ஏறிடும். வரிசை பிடிச்சுக் குறுக்க போறேன் பாருங்க, அங்கதான் வினை. மழை பெய்ஞ்சா ஈர மண்ணு பூரா இந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள அப்பிக்கும். அப்புறம் அது டயரு இல்ல, உருட்டுக்கட்டை. ரெண்டு செட்டா வாங்கிக் குடுங்க, புல்லு வெட்டற அன்னைக்கு நானே மாத்திக்கறேன். அதுவும் முடியாதுன்னா இதுக்குள்ள தண்ணியாவது ரொப்பிக்கறேன். ரிம்மைத் திருப்பிப் போட்டா சக்கரம் கொஞ்சம் அகண்டு நிக்கும். வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு வரும்."

"தண்ணி ரொப்பினா வெயிட்டுல புல்லு அமுங்கும். அகலமாக்கினா பங்களா கேட்டுல நுழையாது. நீ டிரைவர் வேலை பாக்கறியா, இல்ல இன்ஜினியர் வேலையா?" மேலாளரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே ஜீப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சர்க்காரன் தங்கை கணவனைப் பார்த்தான். அவன் கீழே கிடந்த புது டயரைக் கால் பெருவிரலால் தள்ளினான்.

"மாட்டுங்க மச்சான். வழுக்கைத் தலையில பேனே நிக்காது. நான் போய் நிக்கணுமாம்" என்று சிரித்தான். பஞ்சர்க்காரனும் சிரித்தான். காற்று ஏற ஏற, டயரின் விளிம்பு ரிம்மில் டப்பென்று போய் உட்கார்ந்தது. போல்ட்டுகளை முறுக்கி, தட்டிப் பார்த்து, "போலாம் மாப்ளே" என்றான்.

இரண்டு மாதம் வானம் பொய்த்ததால் பிழைப்பு ஓடியது. பிறகு ஒரு வாரம் விடாமல் மழை. எட்டாம் நாள் காலை பஞ்சர்க்காரன் ஒரு சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது.

"அண்ணே, வண்டி சாஞ்சிருச்சுண்ணே. அவரு அடியில."

பதினோராவது வரிசையில் டிரெய்லரில் பாரம் ஏற்றிக்கொண்டு குறுக்கே வரும்போது பின்சக்கரங்கள் பக்கவாட்டில் நழுவின. திருப்ப இடம் இருந்தது, பிடிமானம்தான் இல்லை. கீழ்ப்பக்கச் சக்கரம் வாய்க்காலில் இறங்கியதும் வண்டி சாய்ந்து, வண்டிக்கும் கரைக்கும் நடுவே டிரைவரின் இடுப்பு மாட்டிக்கொண்டது. ஆறு பேர் சேர்ந்து மரக்கட்டை கொடுத்துத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சர்க்காரன் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளைக்கு மருந்து மயக்கம். கால்மாட்டில் தொங்கிய எடைக்கல் ஒன்று இடது காலை இழுத்துப் பிடித்திருந்தது. இடுப்பெலும்பு மூன்று துண்டு என்றார் டாக்டர். தகடு வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியும், தள்ளிப்போட்டால் நடப்பது சந்தேகம். மாப்பிள்ளை ஒருமுறை கண்ணைத் திறந்து மைத்துனனைப் பார்த்தான்.

"மெதுவாத்தான் மச்சான் வந்தேன்" என்றான். மறுபடி கண் மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மேலாளரின் ஜீப் கடை வாசலில் நின்றது. பின்னால் புது டயர்கள் இரண்டு. இந்தத் தடவை பட்டன் டயர். ஆழமான பள்ளம், அம்புக்குறி போலச் சாய்ந்த தடித்த பட்டன்கள். பஞ்சர்க்காரன் பக்கவாட்டில் இருந்த அளவைப் படித்தான். மாப்பிள்ளை கேட்டு வாங்கியிருந்தால் எதைக் கேட்டிருப்பானோ அதேதான்.

"நாளைக்கு விபத்தை விசாரிக்கற ஆபீசர் வர்றாரு, வண்டியைப் பாக்க. அதுக்குள்ள இதை மாட்டிடணும்" என்றார் மேலாளர்.

பஞ்சர்க்காரனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "வேற ஆளைப் பாத்துக்குங்க சார்" என்றான்.

மேலாளர் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "வெளியாளைக் கூப்பிட்டா ஊரெல்லாம் பேசுவான். நீ வீட்டு மனுஷன். உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டயர்களைக் கடைக்குள் உருட்டிவிட்டுப் போனார்.

தங்கையே நேராகக் கடைக்கு வந்தாள். மூன்று நாளாக அதே சேலை. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினான். அவள் அந்த டயர்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாட்டிக் குடுத்துடுண்ணே."

"என்னன்னு தெரிஞ்சுதான் பேசறியா? டயர் சரின்னு ஆயிட்டா தப்பு மாப்ள மேல விழும். நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு நாளைக்கு மத்தியானம் வண்டி சொல்லியிருக்காங்க. ஆபரேஷன் செலவு மொத்தமும் தோட்டம் பாத்துக்கும். ஆபீசர் வந்து போன பின்னாடிதான் கையெழுத்துப் போடுவாராம் மேனேஜர். நஷ்டஈடு கேஸு போட்டா எந்தக் காலத்துல வரும்? அதுவரைக்கும் எலும்பு காத்துக்கிட்டு இருக்குமா?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு அவரு எந்திரிச்சு நடந்தாப் போதும்ணே."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லிடாத."

பஞ்சர்க்காரன் சுவரில் தொங்கிய லிவர்களைப் பார்த்தான். அந்தப் புல்தரை மொட்டை டயர்களை மாட்டியதும் இந்தக் கைதானே என்று நினைத்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை ஓங்கிச் சொல்லியிருந்தால் என்ன, முடியாது என்று லிவரைக் கீழே போட்டிருந்தால் என்ன. போட்டிருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. தங்கை எழுந்திருந்தாள். சேலையின் பின்பக்கம் டயரின் கரி ஒட்டியிருந்தது. "வெயில் தாழறதுக்குள்ள முடிச்சுடறேன், நீ போ" என்றான்.

தோட்டத்துக் கொட்டகையில் டிராக்டரை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வலப்பக்க மட்கார்டு மடங்கி, பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜாக்கியை வைத்தான். மொட்டை டயரின் கட்டங்கள் எல்லாம் மண்ணால் அடைத்துப்போய், உருண்டையாக, ஒரே வழவழப்பாக இருந்தன. மாப்பிள்ளை சொன்னது வார்த்தை பிசகவில்லை.

புது டயரை ஏற்றி, ரிம்மைத் திருப்பிப் போட்டு மாட்டினான். சக்கரம் அகண்டு நின்றது. வால்வை மேல்பக்கம் கொண்டுவந்து, குழாயைச் சொருகி, முக்கால் பாகத்துக்குத் தண்ணீர் விட்டான். மேலாளர் வந்து எட்டிப்பார்த்தார்.

"தண்ணி எதுக்கு? நான் சொல்லலியே."

"அடுத்து இதுல உட்காரப் போறவனுக்கு சார்."

மேலாளர் தோளைக் குலுக்கினார். "மேல முடி முடியா நீட்டிட்டு இருக்கு பாரு, அதை எடுத்துடு. பாத்தா புதுசு மாதிரி தெரியக் கூடாது."

புது ரப்பரின் மேல் மயிர்போல நின்ற நூல்களைப் பஞ்சர்க்காரன் பிளேடால் ஒவ்வொன்றாக வழித்தான். கழற்றிய டயர்களை மேலாளரே ஆள் வைத்து லாரியில் ஏற்றி அனுப்பினார். எங்கே என்று அவன் கேட்கவில்லை. பிறகு அவனையே வண்டியில் உட்காரவைத்துக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த சேற்றில் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினான். முதல் சுற்றிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. டயர் சேற்றைக் கடித்துப் பிடித்தது. உள்ளே தண்ணீர் கனமாகப் புரண்டு வண்டியைத் தரையோடு அழுத்தியது. மாப்பிள்ளை இதில் ஒருநாள் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். குடையும் தோல் பையுமாக, சேற்றில் ஷூ படாதபடி கல்லுக்குக் கல் காலெடுத்து வைத்து நடந்தார். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. டயரில் சின்னக் கம்பியைவிட்டு ஆழம் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரவழைத்திருந்த வயசான டிரைவரிடம், டிரெய்லரில் அதே பாரத்தை ஏற்றி அதே வரிசையில் ஓட்டச் சொன்னார்.

வண்டி ஏறியது. பதினோராவது வரிசையில் குறுக்கே திரும்பியது. பஞ்சர்க்காரன் வாய்க்காலோரம் நின்று, நழுவு, நழுவு என்று மனசுக்குள் கெஞ்சினான். ஒரு சாண், ஒரே ஒரு சாண் நழுவினால் போதும். டிராக்டர் ஈர மண்ணில் அம்புக்குறி அம்புக்குறியாக அச்சுப் பதித்தபடி, கம்பி மேல் போவது போல நேராகப் போய், மறுமுனையில் திரும்பி வந்தது. கூடைகளில் ஒரு பழம்கூட உருளவில்லை.

"இவ்வளவு நல்லா நிக்கற வண்டி எப்படிச் சாஞ்சுது?" என்றார் ஆபீசர்.

"அவசரம் சார். சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போகணும்னு" என்றார் மேலாளர்.

ஆபீசர் பஞ்சர்க்காரன் பக்கம் திரும்பினார். "நீதான் இந்த வண்டிக்கு டயர் பாக்கறவனா? டயர் எப்படி?"

தரம் பிரிக்கும் கொட்டகையில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். தங்கை அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் துணிமணியைப் பையில் திணித்து வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருப்பாள்.

"இந்த மேட்டுக்கு இதுதான் சார் சரியான டயரு" என்றான்.

ஆபீசர் பையிலிருந்து படிவத்தை எடுத்து, எழுத இடம் தேடி, டிராக்டரின் வலப்பக்க மட்கார்டின் மேல் வைத்தார். நேற்று மடங்கிக் கிடந்தது, இன்று தட்டி நிமிர்த்தப்பட்டு வழவழவென்று சிவப்பாக இருந்தது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி, தாளைத் திருப்பப் போனார். தாள் வரவில்லை. மெல்ல உரித்து எடுத்தார். பின்பக்கம் முழுக்கக் காயாத சிவப்புப் பெயின்ட் அப்பியிருந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டு, தாளைத் தோல் பையின் மேல் வைத்து, அடுத்த வரியை எழுதத் தொடங்கினார்.