ஒன்பதாம் பக்கத்துக்கு ஒரு கை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற எங்கள் பெரிய மெஷினுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. துவைத்து முடித்ததும் பச்சை விளக்கு எரியும். சரி, நின்றுவிட்டது என்று கதவைத் திறந்து கையை விட்டால் டிரம் அரைச் சுற்று பின்னால் திரும்பும். மூன்று எண்ணிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பதினான்கு பக்க விதிமுறையில் ஒன்பதாம் பக்கத்தில் இது இருக்கிறதாம். படித்தேன் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் இடது மோதிர விரலில் பாதி போனது.

"படிச்சுட்டுத்தானே கையெழுத்து போட்டீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

போன மாதம் அதே மெஷினுக்கு என் நாத்தனார் வேலைக்கு வந்தாள். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். அதற்காக அவள் விரல் போகட்டும் என்று விட முடியுமா? மார்க்கரை எடுத்தேன். மெஷின் மேலேயே, பச்சை விளக்கிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, டிரம்மையும் பின்னால் வளைகிற அம்பையும் போட்டேன். என் இடது கையையே வைத்துச் சுற்றி வரைந்து, மேலே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். அப்புறம் மூன்று புள்ளி. அதற்கடுத்து, குறி இல்லாத கை.

"அண்ணி, இது கையா, உடைஞ்ச சீப்பா?" என்று சிரித்தாள்.

"சிரிடி, சிரி. நாளைக்கு எண்ணிப் பாத்துக்க."

மறுநாள் கதவைத் திறந்தவள் அவசரத்தில் கையை நீட்டினாள். படம் கண்ணில் பட்டதும் நிறுத்தினாள். டிரம் தடக்கென்று திரும்பியது. அவள் உதடு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைந்தது. அன்று முழுக்க என்னைக் கிண்டல் செய்யவில்லை.

சாயங்காலமே சூப்பர்வைசர் தின்னர் போட்டுத் துடைத்தார். "இது வேலை செய்யற இடமா, பாலர் பள்ளியா?"

மறுபடி வரைந்தேன். மறுபடி துடைத்தார். "இன்னொரு தடவை கிறுக்கினா வீட்டுக்குப் போயிடலாம்."

போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மூன்றாவது தடவையும் வரைந்தேன். இந்த முறை பெயிண்டில்.

வெள்ளிக்கிழமை மேனேஜரே வந்தார். ஆளுக்கொரு விதிமுறைக் கட்டு, எட்டுப் பேருக்கும். "கடைசிப் பக்கத்துல கையெழுத்து போடுங்க. அந்தப் படத்தை இன்னைக்கே சுரண்டணும்."

முதலில் நாத்தனார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது. போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். அவளோ ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி, எழுத்துகள் மேலேயே கையை வைத்துச் சுற்றி வரைந்தாள். பெருக்கல் குறி, அம்பு, மூன்று புள்ளி.

"என்னம்மா இது?"

"நான் படிச்சது இதைத்தான் சார். நீங்க கொடுத்ததுல எனக்கு ஒண்ணும் புரியலை. புரியாததுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். அண்ணி போட்டு அனுபவிச்சது போதும்."

அடுத்தவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்தவளும் வரைந்தாள். ஒருத்திகூடக் கையெழுத்துப் போடவில்லை.

கடைசியாக நான். என் கை எனக்கு மனப்பாடம், பார்க்காமலே வரைந்தேன். எட்டுக் கட்டுகளையும் ஒன்பதாம் பக்கம் தெரிகிற மாதிரி மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். ஏழு கைகள் முழுசாக இருந்தன. எட்டாவதில் மோதிர விரல் பாதியில் நின்றது.

"எங்களை அனுப்பறதுன்னா எட்டுப் பேரையும் அனுப்புங்க சார்," என்றேன். "ஆனா அந்தப் படத்தைச் சுரண்டணும்னா, நீங்களே வந்து சுரண்டுங்க. அதுக்கு முன்னாடி, பச்சை விளக்கு எரிஞ்சதும் உள்ளே ஒரு தடவை கையை விட்டுப் பாருங்க."