கீச்சானும் தூங்குமூஞ்சியும்

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்குக் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. ஷேவ் கூடப் பண்ணவில்லை. என் முகத்தை நானே பார்த்தால் ஓர் அறை விட்டுவிடுவேனோ என்று பயம். என் அக்கா மாதிரி ஒருத்திக்குத் தம்பியாகப் பிறந்து நான் பண்ணிய வேலை அப்படி.

நாங்கள் நாலு பேர் ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு வாசிக்கிறோம். அக்கா பாடுவாள். அக்கா புருஷன் கிட்டார். மாடி வீட்டு வெல்டர் டிரம்ஸ். நான் மவுத் ஆர்கன். பெரிய ஆட்கள் ஒன்றும் இல்லை. அத்தான் ஓட்டுகிற ஸ்கூல் வேன் நிற்கும் ஷெட்டில் அடிக்கிற கூத்துதான். ஆனால் அக்கா பாடினால் தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன். ஆள் பிழைத்துவிட்டாள், குரல் இறங்கிவிட்டது. டாக்ஸி ஆபீஸில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் "சார், ஒரு வண்டி அனுப்புங்க சார்" என்கிறார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாளே தவிர, பாடுவதை அடியோடு விட்டுவிட்டாள். பாத்திரம் கழுவும்போது கூட முணுமுணுப்பதில்லை. "வீடு வீடா இல்ல மாப்ளே" என்று அத்தான் என்னிடம் வந்து புலம்பினார்.

அத்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளை மறுபடி ஷெட்டுக்கு இழுத்து வந்தார். முன்பு அஞ்சு கட்டையில் பாடியவளுக்கு இப்போது ஒரு கட்டைதான் ஒத்துவந்தது. பழைய பளபளப்பு இல்லை. ஆனால் அடேயப்பா, அந்தக் கரகரப்பில் வேறு ஏதோ ஒன்று வந்திருந்தது. வெல்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

"ஒரே ஒரு தடவை ஆளுங்க முன்னாடி பாடிப் பாக்கறேன்" என்றாள் அக்கா. "கேக்கற மாதிரி இருந்தா தொடரலாம். இல்லேன்னா மூட்டை கட்டிடுவேன். அப்புறம் யாரும் என்னை வற்புறுத்தக் கூடாது." அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இங்கேதான் என் மவுத் ஆர்கன் சமாச்சாரம் வருகிறது. ப்ளூஸில் பாட்டு ஒரு கட்டை என்றால் மவுத் ஆர்கன்காரன் எடுப்பது நாலு கட்டை மவுத் ஆர்கன், அதுதான் வழக்கம். அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று உச்சத்தில் கிடந்து கத்தும். அதற்கு அக்கா வைத்த பேர் கீச்சான். இன்னொன்று அதே சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் பேசும், அது தூங்குமூஞ்சி. கீச்சானை லேசாக உறிஞ்சினாலே போதும், சுரம் துள்ளிக்கொண்டு வரும், விரலைச் சொடுக்குகிற வேகத்தில் வித்தை காட்டலாம். தூங்குமூஞ்சிக்குப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அடைத்துக்கொண்டு அசிங்கப்படுத்திவிடும். நன்றாக வாசித்தாலும் வாசிப்பது யார் என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஷெட்டில் நான் தூங்குமூஞ்சியைத்தான் வாசித்தேன். "இதுதான்டா சரி. கீழ இருந்து தாங்கிப் பிடிக்குது. கீச்சான் என் தலைமேல ஏறி உக்காந்துக்கறான்" என்றாள் அக்கா. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் இடம் கிடைத்தது. ஜன்னல் ஓரம் நாலு மேஜையைத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார் கடைக்காரம்மா. அக்கா நீல நிறச் சேலை கட்டி, கழுத்துத் தழும்பு தெரியாமல் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினாள்.

அப்போது என் ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஷிஃப்ட் இடைவெளியில் மெஷின் அறையில் உட்கார்ந்து வாசிப்பேன். அதற்காக அங்கே எனக்குப் பீப்பி என்று பேர். சூப்பர்வைசர் கூட "பீப்பியை ஏழாவது மாடிக்கு அனுப்பு" என்றுதான் சொல்வார். அந்த மனுஷனும் வந்திருந்தார். முன் மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்து, "என்ன பீப்பி, இன்னிக்கு ஊதுவியா, இல்ல ஓரமா நிக்கறியா?" என்றார். மற்ற நாலும் கெக்கே பிக்கே என்று சிரித்தன.

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. பைக்குள் கை போனது. இரண்டு பெட்டியும் அடுத்தடுத்து இருந்தன. தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தெரிந்தேதான் கீச்சானை எடுத்தேன்.

முதல் வரியை அக்கா பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். அவள் முடிக்கும் வரை நான் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. அவள் இரண்டாவது வரியில் இருக்கும்போதே உள்ளே புகுந்தேன். சுரத்தை வளைத்தேன், நடுக்கினேன், கிடுகிடுவென்று ஏறி இறங்கினேன். முன் மேஜை விசிலடித்தது. சூப்பர்வைசர் மேஜையைத் தட்டினார். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அக்காவின் வாய் அசைவது தெரிந்தது, குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் அவள் மைக்கை விட்டு ஓரமாக நகர்ந்து நின்று, எனக்காகத் தாளம் போட ஆரம்பித்தாள். அப்போதாவது நிறுத்தினேனா? இல்லையே! கிடைத்த இடத்தில் இன்னும் நீட்டினேன்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். "தம்பி, மவுத் ஆர்கன் பிரமாதம்" என்றார் கடைக்காரம்மா. அக்காவைப் பார்த்து ஒரு புன்னகை, அவ்வளவுதான். சூப்பர்வைசர் என் முதுகில் தட்டி, முதல் தடவையாக என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த நிமிஷம் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனிக்கத்தான் செய்தது.

வேனில் சாமான் ஏற்றும்போது அக்கா பக்கத்தில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தித் தப்பித்திருப்பேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸ்டா தம்பி" என்றாள்.

"எதுக்கு?"

"நீ கீச்சானை எடுத்ததை நான் பாத்தேன். மொத வரியிலேயே என் குரல் தேறாதுன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு இல்ல? அத்தனை பேர் முன்னாடி என் மானம் போகாம மூடி மறைச்சுக் காப்பாத்திட்டே. வேற யாருக்குடா அது தோணும்?"

அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"அக்கா, அதெல்லாம் இல்ல. நீ நல்லா பாடினே. சத்தியமா நல்லா பாடினே. நான்தான் ஆபீஸ் ஆளுங்க முன்னாடி பவுசு காட்டணும்னு உன்னை அமுக்கிட்டேன். அடுத்த வாரம் தூங்குமூஞ்சியை எடுக்கறேன். நீ பாடு. உன் கால்ல வேணா விழறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. அத்தான் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? என் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறான்" என்றாள்.

"அவன் சொல்றது நிஜம்தாம்மா" என்றார் அத்தான். "நீ நல்லாத்தான் பாடினே. நான் கேட்டேன்."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களாக்கும்" என்றாள் அக்கா. கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "போதும்டா. யாரும் வற்புறுத்தக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டேன். கடைக்காரம்மாகிட்ட அடுத்த வாரத்துக்கு ஒத்துக்கிட்டேன், நீங்க மூணு பேர் மட்டும் வருவீங்கன்னு."